வேர்முடிச்சுத் திறன் கைமாறும் விதம்: ரைசோபியம் பிளாஸ்மிடை இடம் மாற்றிப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ராஜ்மா விதையை முளைக்க வைத்து, அதன் வேரில் ரைசோபியம் எட்லி என்ற பாக்டீரியாவை ஊற்றினால் மூன்று வாரத்துக்குள் வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு கட்டும். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சைக் கட்டுவதற்கும், அதற்குள் உட்கார்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பதற்கும் வேண்டிய முக்கிய ஜீன்கள் இந்தப் பாக்டீரியாவின் குரோமோசோமில் இல்லை. 371 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) நீளமுள்ள ஒரு பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பிளாஸ்மிட் ஒரு செல்லை விட்டு இன்னொரு செல்லுக்குப் போகக்கூடியது. போய்ச் சேர்ந்த இடத்தில், அதுவரை பயறுச் செடியோடு எந்த உறவும் இல்லாத பாக்டீரியாகூட முடிச்சுப் போடத் தொடங்கிவிடும்.

இந்த இடமாற்றத்தை லேபில் நடத்திக் காட்டுவதும், நடந்தது உண்மைதான் என்று நிரூபிப்பதும்தான் இந்த வழிகாட்டி. நுண்ணுயிரியல் முதுகலை மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நடத்துவது சுலபம், ஓர் இரவு போதும். நிரூபிக்க ஒரு மாதம் ஆகும். அதனால் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், செல்லுக்குள் என்ன நடக்கிறது

1978-ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் நிறுவனத்தில் ஒரு சோதனை நடந்தது. பட்டாணியில் முடிச்சுப் போடும் ஒரு ரைசோபியத்தின் பிளாஸ்மிடில் டிஎன்5 என்ற டிரான்ஸ்போசானை (டிஎன்ஏ-வில் இடம் விட்டு இடம் தாவும் துண்டை) அடையாளமாகச் செருகி, பட்டாணியைத் தொடாத வேறு ரைசோபியங்களோடு கலந்தார்கள். அடையாளத்தை வாங்கிக்கொண்ட செல்கள் பட்டாணியில் முடிச்சுப் போட்டன. செடியோடு உறவாடும் திறன் ஒரு பிளாஸ்மிடில் ஏறிப் பயணம் செய்யும் என்பது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. நாம் செய்யப்போகும் சோதனையின் எலும்புக்கூடும் அதுதான்.

பாடப்புத்தகம் இதை இணைவு என்கிறது. லேபில் எல்லோரும் கான்ஜுகேஷன் என்போம். கொடுக்கும் செல் டோனர், வாங்கும் செல் ரெசிபியன்ட், வாங்கி முடித்த செல் டிரான்ஸ்கான்ஜுகன்ட்.

டோனருக்குள் ரிலாக்சேஸ் என்ற நொதி பிளாஸ்மிடின் ஒரு குறிப்பிட்ட இடத்தில், அதாவது இடமாற்றத் தொடக்கப் புள்ளியில், ஒரே ஓர் இழையை மட்டும் வெட்டுகிறது. வெட்டிய முனையை விடாமல் தானே அதில் ஒட்டிக்கொள்கிறது. இணைப்புப் புரதம் ஒன்று இந்த நொதியையும் இழையையும் சேர்த்துச் செல் சவ்வில் உள்ள நான்காம் வகைச் சுரப்பு அமைப்பின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அந்தக் குழாய் வழியாக ஒற்றை இழை ரெசிபியன்டுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் விடுபட்ட இழை நகலெடுக்கப்படுகிறது. அதனால் டோனர் எதையும் இழப்பதில்லை. பிளாஸ்மிட் வட்டமாக மூடிக்கொண்டதும் ரெசிபியன்டுக்குள் தன்னைப் பெருக்கிக்கொள்ள ஆரம்பிக்கிறது.

ரைசோபியங்களின் பெரிய பிளாஸ்மிடுகள் பெரும்பாலும் ரெப்ஏபிசி என்ற பெருக்க அமைப்பு கொண்டவை. ஒரே குழுவைச் சேர்ந்த இரண்டு பிளாஸ்மிடுகள் ஒரே செல்லில் சேர்ந்து வாழாது. ரெசிபியன்டில் ஏற்கெனவே அதே குழுவின் பிளாஸ்மிட் இருந்தால் வந்தது நிலைக்காது, அல்லது இருந்தது வெளியேறும். பிளாஸ்மிடே இல்லாத ரெசிபியன்டைத் தேடுவதற்கு இதுதான் காரணம்.

நார்விச் பிளாஸ்மிட் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு பிறகு வந்தது. அந்தப் பிளாஸ்மிட் தன் டோனர் செல்லில் ஒரு சமிக்ஞை மூலக்கூறு உற்பத்தியாவதை அடக்கி வைக்கிறது. பிளாஸ்மிட் இல்லாத அக்கம்பக்கச் செல்கள் அதே மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து அது வந்து சேரும்போதுதான், பக்கத்தில் வாங்க ஆள் இருக்கிறது என்று டோனருக்குத் தெரிகிறது. அதன் பிறகே இடமாற்ற ஜீன்கள் விழிக்கின்றன. தன்னையே வாசனை பிடித்து ஏமாறாமல் இருக்க இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

எந்தப் பாக்டீரியாவை எடுப்பது

டோனராக நான் சொல்வது ரைசோபியம் எட்லி சிஎஃப்என்42. மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் உள்ள ஆராய்ச்சி மையத்தில் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்ட ஸ்ட்ரெயின் (ஓர் இனத்துக்குள் ஒரு தனி வம்சம்) இது. இதில் பி42ஏ முதல் பி42எஃப் வரை ஆறு பிளாஸ்மிடுகள் உண்டு. நமக்கு வேண்டிய முடிச்சுப் பிளாஸ்மிட் பி42டி. அதில் டிஎன்5 செருகப்பட்ட, சிஎஃப்என்42-இன் வழிவந்த ஸ்ட்ரெயின் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த ஸ்ட்ரெயினை எடுப்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. பி42டி-யிடம் இடமாற்ற ஜீன்கள் உள்ளன. ஆனால் ஆர்சிடிஏ என்ற அடக்கி அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. லேப் சூழலில் பி42டி தனியாக நகராது. 194 கிலோபேஸ் நீளமுள்ள பி42ஏ-யோ தானாகவே, மிக அதிக விகிதத்தில் நகரும். இரண்டு பிளாஸ்மிடுகளும் மறுசேர்க்கை மூலம் ஒட்டி ஒரே வட்டமாகும்போது, பி42ஏ-யின் முதுகில் ஏறி பி42டி பயணம் செய்கிறது. ஒட்டுவது எப்போதாவது நடப்பது என்பதால் பி42டி நகரும் விகிதம் பல மடங்கு குறைவு. அதனால் பி42ஏ நீக்கப்பட்ட டோனரையும் கேட்டு வாங்குங்கள். அதோடு கலக்கும்போது பி42டி போகக்கூடாது. இதைவிட நல்ல கட்டுப்பாட்டுச் சோதனை கிடைக்காது.

ரெசிபியன்டுக்கு அக்ரோபாக்டீரியம் ஜிஎம்ஐ9023. சி58 என்ற ஸ்ட்ரெயினிலிருந்து இரண்டு பிளாஸ்மிடுகளையும் நீக்கி உருவாக்கியது. ரிஃபாம்பிசின், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளையும் தாங்கும்.

நிலக்கடலை, தட்டைப்பயறு, துவரை முடிச்சுகளிலிருந்து பிரித்த பிராடிரைசோபியத்தை வைத்து ஆரம்பிக்கலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நம் வயலில் கிடைப்பது அதுதான், கேட்பது நியாயம். ஆனால் வேண்டாம். அவற்றில் முடிச்சு ஜீன்கள் பெரும்பாலும் குரோமோசோமுக்குள்ளேயே தீவு மாதிரிப் பதிந்திருக்கும். காலனி கண்ணுக்குத் தெரியவே ஒரு வாரம் ஆகும்.

ஆன்டிபயாடிக் தேர்வில் ஒரு குழி

டோனரின் அடையாளம் டிஎன்5. அது கனமைசினுக்கும் நியோமைசினுக்கும் எதிர்ப்புத் தரும். ரெசிபியன்ட் ரிஃபாம்பிசினையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் தாங்கும். அப்படியானால் நியோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டும் போட்ட தட்டில் டிரான்ஸ்கான்ஜுகன்ட் மட்டும்தானே வளரும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை தட்டு முழுக்கப் பாய் விரித்த மாதிரி காலனி. பெரிய வெற்றி என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். டோனரை மட்டும் பூசிய தட்டை மூன்றாம் நாள்தான் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே பாய்.

காரணம் டிஎன்5-க்குள்ளேயே இருக்கிறது. அதில் ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு ஜீனும் ஒன்று உண்டு. லேபுகளில் வழக்கமாக வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவில் அது வெளிப்படாது, ரைசோபியத்தில் வெளிப்படும். ஈ. கோலை வைத்து எழுதிய பாடத்தில் இந்த விவரம் கண்ணில் படாது. எனவே டிஎன்5 போட்ட டோனரைக் கொல்ல ஸ்ட்ரெப்டோமைசினை நம்பக் கூடாது. தேர்வுத் தட்டில் ரிஃபாம்பிசினும் நியோமைசினும் மட்டும் போதும்.

அளவு: ரிஃபாம்பிசின் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், நியோமைசின் 60 மைக்ரோகிராம் என்று தொடங்கலாம். ஆனால் சோதனைக்கு முந்தின வாரமே டோனரையும் ரெசிபியன்டையும் தனித்தனியாக வெவ்வேறு அளவுகளில் பூசி, உங்கள் கைவசம் உள்ள மருந்தில் எந்த அளவு கொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். ரிஃபாம்பிசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. டிஎம்எஸ்ஓ அல்லது மெத்தனாலில் கரைத்து, வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றி வைக்க வேண்டும்.

கலக்கும் நாட்கள்

ஊடகம் மலிவானதுதான். 1 லிட்டருக்குப் பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 3 கிராம், தட்டுக்கென்றால் அகார் 15 கிராம். இதோடு கால்சியம் குளோரைடு 7 மில்லிமோலார் வேண்டும். டைஹைட்ரேட் உப்பானால் லிட்டருக்கு 1.03 கிராம். கால்சியத்தைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, ஊடகம் ஆறிய பிறகு சேர்க்கவும். ஒன்றாகப் போட்டால் வீழ்படிவாகும். விட்டுவிட்டால் ரைசோபியம் ஒழுங்காக வளராது.

முதல் நாள் மாலை, டோனரையும் ரெசிபியன்டையும் தனித்தனி ஊடகத்தில், தத்தம் ஆன்டிபயாடிக்கோடு, 30 டிகிரி செல்சியஸில் குலுக்கி வளர்க்கவும்.

மறுநாள் இரண்டிலும் 1 மில்லிலிட்டர் எடுத்து மையவிலக்கில் படியவைத்து, ஆன்டிபயாடிக் இல்லாத ஊடகத்தில் இரண்டு முறை கழுவவும். கழுவாமல் விட்டால் டோனரோடு வந்த மருந்து ரெசிபியன்டைத் தாக்கும். அப்புறம் இரண்டையும் சம அளவில் கலந்து, மருந்தில்லாத அகார் தட்டின் நடுவில் 100 மைக்ரோலிட்டரை ஒரே பொட்டாக வைக்கவும். பக்கத்தில் வேறு இரண்டு தட்டுகளில் டோனர் மட்டும் ஒரு பொட்டு, ரெசிபியன்ட் மட்டும் ஒரு பொட்டு. பி42ஏ இல்லாத டோனரோடு கலந்ததற்கு நான்காவது தட்டு. பொட்டு காய்ந்த பிறகே தட்டைக் கவிழ்த்து, 30 டிகிரியில் ஓர் இரவு வைக்கவும்.

திரவத்தில் கலக்கக் கூடாதா? இந்த வகைப் பிளாஸ்மிடுகளுக்குச் செல்கள் ஒன்றையொன்று தொட்டபடி அசையாமல் இருக்க வேண்டும். குலுக்கினால் இணைப்பு அறுந்துவிடும்.

மூன்றாம் நாள், பொட்டைச் சுரண்டி எடுத்து 1 மில்லிலிட்டர் கரைசலில் கலக்கவும். 10 மில்லிமோலார் மக்னீசியம் சல்பேட்டோடு 0.01 சதவீதம் ட்வீன் 40 சேர்த்த கரைசல் நல்லது. ரைசோபியம் தன்னைச் சுற்றிப் பசைபோல ஒரு சர்க்கரைப் பொருளைச் சுரக்கும். ட்வீன் இல்லாவிட்டால் செல்கள் கட்டிக்கட்டியாக நின்று எண்ணிக்கையைக் கெடுக்கும். பிறகு பத்துப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, நீர்க்காத கரைசலிலிருந்தும் முதல் இரண்டு நீர்ப்புகளிலிருந்தும் 100 மைக்ரோலிட்டரைத் தேர்வுத் தட்டில் பூசவும். டோனர் எண்ணிக்கைக்கு 10⁻⁵, 10⁻⁶ நீர்ப்புகளை டோனர் மட்டும் வளரும் தட்டில் பூசவும். சிஎஃப்என்42 நாலிடிக்சிக் அமிலத்தைத் தாங்கும், அதைப் பயன்படுத்தலாம். மூன்று நான்கு நாளில் காலனிகள் எண்ணும் அளவுக்கு வளரும்.

எண்ணுவதும் சந்தேகப்படுவதும்

ஒரு கணக்கு போடுவோம். நீர்க்காத கரைசலில் 100 மைக்ரோலிட்டருக்கு 46 காலனி வந்தது. அப்படியானால் மில்லிலிட்டருக்கு 460. டோனர் தட்டில் 10⁻⁶ நீர்ப்பில் 92 காலனி. மில்லிலிட்டருக்கு 9.2 × 10⁸ டோனர். 460-ஐ அதனால் வகுத்தால் இடமாற்ற விகிதம் ஒரு டோனருக்கு 5 × 10⁻⁷. எதால் வகுத்தீர்கள், டோனராலா ரெசிபியன்டாலா என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாத விகிதத்தை வேறு யாருடைய விகிதத்தோடும் ஒப்பிட முடியாது.

இப்போது இதே எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். தேர்வுத் தட்டில் நீங்கள் பூசிய 100 மைக்ரோலிட்டரில் 9 கோடி டோனர் செல்கள் இருந்தன. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு தானாகவே, சுமார் பத்துக் கோடியில் ஒரு செல்லுக்கு, திடீர் மாற்றத்தால் வரும். அதாவது எந்த இடமாற்றமும் நடக்காமலேயே அந்தத் தட்டில் ஒன்றிரண்டு காலனி முளைக்கலாம். 46-ல் ஒன்றிரண்டு பொய் என்றால் பரவாயில்லை. மொத்தமே மூன்று காலனி வந்திருந்தால்? டோனர் மட்டும் பூசிய தட்டைக் காட்டாமல் அந்த மூன்றையும் டிரான்ஸ்கான்ஜுகன்ட் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ரெசிபியன்ட் பக்கமும் அப்படியே. அதிலும் நியோமைசினைத் தாங்கும் திடீர் மாற்றம் வரலாம்.

ஆகவே காலனி முளைத்த அன்று சோதனை பாதிதான் முடிந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு காலனிகளை எடுத்து, அதே தேர்வுத் தட்டில் இரண்டு முறை கோடிழுத்துத் தூய்மையாக்குங்கள். பிறகு இரண்டு கேள்விகள். இது உண்மையிலேயே ரெசிபியன்ட்தானா? இதற்குள் அந்தப் பிளாஸ்மிட் முழுதாக இருக்கிறதா?

முதல் கேள்விக்கு விலை குறைந்த இரண்டு சோதனைகள் உண்டு. ரைசோபியம் எட்லி எல்பி என்ற பொது ஊடகத்தில் சரியாக வளராது, அக்ரோபாக்டீரியம் நன்றாக வளரும். இன்னொன்று கீட்டோலாக்டோஸ் சோதனை. லாக்டோஸும் ஈஸ்ட் சாறும் கலந்த அகாரில் காலனியை வளர்த்து, மேலே பெனடிக்ட் கரைசலை ஊற்றி அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். சி58 வகை அக்ரோபாக்டீரியம் லாக்டோஸை கீட்டோலாக்டோஸாக மாற்றியிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் காலனியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். ரைசோபியத்தைச் சுற்றி வளையம் வராது. பள்ளிக்கூட லேபில்கூட இருக்கும் பெனடிக்ட் கரைசல், சீக்வென்சிங்குக்குக் காசில்லாத இடத்தில் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

இரண்டாவது கேள்விக்கு எக்ஹார்ட் ஜெல், அதாவது டிஎன்ஏ-வை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் முறை. சாதாரணப் பிளாஸ்மிட் கிட்டில் பிரித்தால் 371 கிலோபேஸ் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். எக்ஹார்ட் முறையில் செல்லை ஜெல்லின் குழிக்குள்ளேயே லைசோசைம் நொதி, எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் கொண்டு மெதுவாக உடைக்கிறோம். பிளாஸ்மிட் குழாய்க்கும் பிபெட்டுக்கும் இடையில் அலையாமல் நேராக ஜெல்லுக்குள் இறங்குகிறது. செல்கள் இளமையாக, வளர்ச்சியின் ஆரம்பக் கட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் சார்கோசில் கலந்த கரைசலில் கழுவிப் பசையை நீக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் மிகக் குறைந்த வோல்டேஜ், பிறகு உயர்த்தி இரவு முழுக்க ஓட்டலாம். முதல் ஜெல் யாருக்கும் சரியாக வராது, நான்காவது ஐந்தாவது வரும்.

ரெசிபியன்டின் வரிசை காலியாக இருக்கும். டிரான்ஸ்கான்ஜுகன்ட் வரிசையில் நீங்கள் மூன்று விதமாகப் பார்க்கலாம். சிலவற்றில் 371 கிலோபேஸ் பட்டை. சிலவற்றில் அதோடு 194 கிலோபேஸ் பட்டையும். சிலவற்றில் இரண்டும் இல்லாமல், மேலே 565 கிலோபேஸ் அளவில் ஒரே பட்டை. 371-ஐயும் 194-ஐயும் கூட்டிப் பாருங்கள். ஒட்டிப் பயணம் செய்த இரண்டு பிளாஸ்மிடுகள் இன்னும் பிரியாமல் இருக்கின்றன. முன்பு படித்த இயக்கமுறை கண்ணெதிரே பட்டையாக நிற்கும். இதற்கு மேல் நைட்ரஜனேஸ் ஜீனுக்கும் முடிச்சு ஜீனுக்கும் பிசிஆர் செய்துகொள்ளலாம். ஆனால் பிசிஆர் ஜீன் இருப்பதைத்தான் சொல்லும், பிளாஸ்மிட் முழுதாக வந்ததைச் சொல்லாது.

செடியிடம் கேட்பது

கடையில் வாங்கிய ராஜ்மா போதும், பூஞ்சைக்கொல்லி பூசாததாகப் பாருங்கள். விதையை 1 நிமிடம் ஆல்கஹாலிலும், பிறகு 10 நிமிடம் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் வைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் ஆறேழு முறை அலசவும். தண்ணீர் அகாரில் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். ஆட்டோகிளேவ் செய்த மணலிலோ வெர்மிகுலைட்டிலோ நட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 மில்லிலிட்டர் பாக்டீரியா விடவும். நீர் ஊற்றுவது நைட்ரஜன் இல்லாத சத்துக் கரைசலால் மட்டும். நைட்ரஜன் கலந்துவிட்டால் செடி முடிச்சுப் போடவே முன்வராது.

நான்கு குழுக்கள் வேண்டும்: எதுவும் விடாத செடி, டோனர் விட்டது, ரெசிபியன்ட் மட்டும் விட்டது, டிரான்ஸ்கான்ஜுகன்ட் விட்டது. 21-ஆம் நாள் வேரைக் கழுவிப் பாருங்கள். எதுவும் விடாத செடியில் ஒரு முடிச்சு இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

டிரான்ஸ்கான்ஜுகன்ட் விட்ட செடியில் முடிச்சு இருக்கும், ஆனால் டோனரின் முடிச்சு அளவுக்கு வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். அக்ரோபாக்டீரியத்தின் குரோமோசோம் இந்தப் பிளாஸ்மிடோடு பழகியதல்ல. முடிச்சு சிறியதாக, உள்ளே வெளிறி, இலை மஞ்சளாக இருப்பது சகஜம். அதனால் சோதனை தோற்றது என்று அர்த்தமில்லை. முடிச்சு கட்ட ஒரு பிளாஸ்மிட் போதும், நைட்ரஜன் பிடிக்கக் குரோமோசோமும் ஒத்துழைக்க வேண்டும் என்பதைச் செடி காட்டுகிறது.

கடைசியாக ஒரு முடிச்சை மேற்பரப்பில் கிருமி நீக்கி, நசுக்கி, தேர்வுத் தட்டில் பூசுங்கள். வருகிற காலனி மஞ்சள் வளையம் போட வேண்டும். போட்டால் முடிச்சுக்குள் இருந்தது நீங்கள் விட்ட டிரான்ஸ்கான்ஜுகன்ட்தான், எங்கிருந்தோ நுழைந்த ரைசோபியம் அல்ல.

எதுவுமே வரவில்லை என்றால்

கலந்த பொட்டு காயாமல் பரவியதா, செல்கள் பழையதா, கழுவினீர்களா என்று வரிசையாகப் பாருங்கள். வேறு ஸ்ட்ரெயினில் பிளாஸ்மிட் தானாக நகராததாகவே இருக்கலாம். அப்போது டிஎன்5-மாப் என்ற, இடமாற்றத் தொடக்கப் புள்ளியைச் சுமக்கும் டிரான்ஸ்போசானைச் செருகி, பிஆர்கே2013 உள்ள ஈ. கோலையை மூன்றாவது ஆளாகக் கலக்கலாம். அந்த உதவிப் பிளாஸ்மிட் குழாய் அமைப்பைத் தந்துவிட்டு, ரைசோபியத்தில் பெருக முடியாமல் மறைந்துவிடும். ஒரு கவனம்: பிஆர்கே2013-லும் கனமைசின் எதிர்ப்பு உண்டு. ஈ. கோலையைத் தடுப்பது ரிஃபாம்பிசின் ஒன்றுதான். அதை மறந்தால் தட்டு முழுக்க ஈ. கோலை.

தூக்கிப் போடுவது

இதை ஒரு படியாகவே எழுதக் காரணம் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் லோட்டஸ் என்ற தீவனப் பயிருக்கு ஒரே ஒரு மீசோரைசோபியம் ஸ்ட்ரெயினை மண்ணில் இட்டார்கள். அந்தப் பயிரில் முடிச்சுப் போடும் பாக்டீரியா அந்த மண்ணில் முன்பு இல்லை. ஏழு ஆண்டு கழித்து முடிச்சுகளைத் திறந்தால், உள்ளே பலவிதமான பாக்டீரியாக்கள். குரோமோசோம் வெவ்வேறு, முடிச்சு ஜீன்கள் மட்டும் இட்ட ஸ்ட்ரெயினுடையவை. சுமார் 500 கிலோபேஸ் நீளமுள்ள ஒரு ஜீன் தீவு மண்ணில் இருந்த பாக்டீரியாக்களுக்குத் தாவியிருந்தது. அது பிளாஸ்மிட் அல்ல, ஆனால் தாவியது இதே இணைவு வழியில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் பிசெருலா என்ற தீவனப் பயிரில் ஆறே ஆண்டில் இப்படி உருவானவற்றில், முடிச்சுப் போட்டும் நைட்ரஜன் சரியாகப் பிடிக்காதவையும் இருந்தன. நம் நெல் வயலில் பசுந்தாள் உரமாக விதைக்கும் மணிலா அகத்தியின் பாக்டீரியாவான அசோரைசோபியத்தில், செடி சுரக்கும் நரிஞ்செனின் என்ற பொருளே இந்தத் தாவலைத் தூண்டிவிடுகிறது.

மண்ணில் இவ்வளவு எளிதாக நடப்பதை, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு ஜீன் ஒட்டிய பிளாஸ்மிடோடு நாம் வெளியே விடக் கூடாது. தட்டு, குழாய், மணல், வேர், வடிந்த கரைசல், முடிச்சு நசுக்கிய குச்சி வரை எல்லாம் பையில் கட்டி, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ். மணல் நிறைந்த பைக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும், அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். செடி அழகாக வளர்ந்துவிட்டதே என்று தோட்டத்தில் பெயர்த்து நடாதீர்கள்.